நீட்சி வேலை செய்யவில்லையா? முதலில் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள்

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விஎஸ் கோட் எடிட்டரை நிறுவியாகிவிட்டது. யாரோ பரிந்துரைத்த நீட்சியையும், அதாவது எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷனையும், நிறுவியாகிவிட்டது. கோப்பைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் ஒரே நிறத்தில் நிற்கின்றன. பாதிச் சொல்லைத் தட்டினால் மீதியை எடுத்துக்கொடுக்கும் என்று சொல்லப்பட்ட நீட்சி வாயே திறக்கவில்லை. உடனே நீட்சியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் எடிட்டரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். வார இறுதிகளில் நான் சொல்லித்தரும் வகுப்பில் ஒரு மாணவி இப்படியே ஒரு மாலை முழுவதையும் இழந்தார். அவருடைய நீட்சியில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தக் கோப்பு பைத்தான் கோப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எடிட்டர் அதை வெற்று உரைக்கோப்பாக நினைத்துக்கொண்டிருந்தது. இன்னொருவரின் மாலையும் அப்படிப் போகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் விஎஸ் கோட்டில் தொடங்குவதால் அதை வைத்தே விளக்குகிறேன். திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன்.

எடிட்டர் கோப்பை எப்படி அடையாளம் காண்கிறது?

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் உறையைக் கிழித்து உள்ளே இருப்பதைப் படிப்பதில்லை. வெளியே எழுதியிருக்கும் பின்கோடைப் பார்த்து உரிய மூட்டையில் போடுகிறார். எடிட்டரும் ஏறக்குறைய அப்படித்தான். கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பின்னொட்டைப் பார்த்து, "இது பைத்தான்", "இது எச்டிஎம்எல்" என்று ஒரு மொழி அடையாளத்தை ஒட்டுகிறது. டாக்கர்ஃபைல், மேக்ஃபைல் போலப் பின்னொட்டே இல்லாத சில கோப்புகளை முழுப் பெயரை வைத்து அறிந்துகொள்ளும். சிலவற்றை முதல் வரியை வைத்து அறியும்.

நீட்சிகள் பெரும்பாலும் கோப்பின் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. எடிட்டர் ஒட்டிய அடையாளத்தை மட்டும் பார்க்கின்றன. "பைத்தான் என்று அடையாளமிட்ட கோப்பு திறக்கப்பட்டால் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்குவதுதான் நீட்சிகளின் வழக்கம். அந்த அடையாளம் வராதவரை அவை எழுவதே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராமல் நீட்சி அமைதியாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, சோதிக்க வேண்டியவை மூன்று: கோப்பின் பெயர், எடிட்டர் ஒட்டிய அடையாளம், நீட்சி எதிர்பார்க்கும் அடையாளம். இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் பாதி வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

முதல் படி: கோப்பின் முழுப் பெயரைப் பாருங்கள்

விண்டோஸ் தன் இயல்பான அமைப்பில், தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்துவிடுகிறது. நீங்கள் நோட்பேடில் ஒரு நிரலை எழுதி, பெயரின் கடைசியில் புள்ளி பிஒய் என்று போட்டுச் சேமிக்கிறீர்கள். நோட்பேட் அதற்குப் பின்னால் புள்ளி டிஎக்ஸ்டி என்பதையும் சேர்த்துவிடக்கூடும். கோப்புறையில் பார்த்தால் கடைசிப் பகுதி மறைந்து, நீங்கள் வைத்த பெயர் மட்டும் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அந்த மாணவிக்கு நேர்ந்தது இதுவேதான்.

விண்டோஸ் 11-இல் கோப்புறையைத் திறந்து மேலே வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அந்தப் பெட்டி இருக்கும். இதைச் செய்தபின் உண்மைப் பெயர் வெளியே வந்துவிடும்; பெயர்மாற்றம் செய்து, வேண்டாத பின்னொட்டை நீக்கிவிடலாம். விஎஸ் கோட்டின் மேல்பகுதியில் கோப்பின் பெயர் தெரியும் தாவலிலும் முழுப் பெயரே இருக்கும், அங்கேயும் பார்த்துக்கொள்ளலாம். புதிய கணினி கைக்கு வந்தவுடன் இந்த அமைப்பை மாற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

மேக் கணினியில் வேறொரு சிக்கல். அங்குள்ள டெக்ஸ்ட்எடிட் செயலி இயல்பாக அலங்கார உரையாகச் சேமிக்கும். ஃபார்மட் மெனுவில் மேக் பிளெய்ன் டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே அது நிரல் எழுதத் தகுந்ததாகும்.

இரண்டாம் படி: எடிட்டர் ஒட்டிய அடையாளத்தைப் பாருங்கள்

விஎஸ் கோட் திரையின் அடியில் நிலைப்பட்டை ஓடுகிறது. அதன் வலது மூலையில் பைத்தான், எச்டிஎம்எல், பிளெய்ன் டெக்ஸ்ட் என ஏதாவது ஒரு பெயர் இருக்கும். அதுதான் மொழி அடையாளம். பிளெய்ன் டெக்ஸ்ட் என்று இருந்தால் எடிட்டருக்குக் கோப்பின் வகை தெரியவில்லை என்று பொருள்.

அந்தப் பெயரைச் சொடுக்குங்கள். மேலே ஒரு பட்டியல் விரியும். அதில் சரியான மொழியைத் தேர்ந்தெடுத்தால் அந்த நொடியிலேயே நிறங்கள் வந்துவிடும், நீட்சியும் எழுந்துவிடும். இது தற்காலிக மாற்றம்தான். இந்தப் பின்னொட்டுக்கு எப்போதும் இதே மொழி என்று நிலைநிறுத்த வேண்டுமானால், அதே பட்டியலில் கன்ஃபிகர் ஃபைல் அசோசியேஷன் என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, பிறகு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடிட்டரின் ஊகம் தவறிப்போவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒரே பின்னொட்டைப் பல மொழிகள் பங்குபோட்டுக்கொள்வது. எம் என்று முடியும் கோப்பு மேட்லேப் நிரலாக இருக்கலாம். விஎஸ் கோட் தானாக அதை ஆப்ஜெக்டிவ்-சி என்றே எடுத்துக்கொள்ளும். பிஎல் என்று முடிவது பெர்ல் ஆகவும் இருக்கலாம், புரோலாக் ஆகவும் இருக்கலாம். எச் என்று முடியும் தலைப்புக் கோப்பு சி மொழிக்கும் பொது, சி பிளஸ் பிளஸ் மொழிக்கும் பொது.

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று. கியூட்டி என்ற மென்பொருள் கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதப்பட்ட செயலிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் டிஎஸ் என்று முடியும். உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். ஆனால் டைப்ஸ்கிரிப்ட் நிரல்களுக்கும் அதே பின்னொட்டுத்தான். மொழிபெயர்ப்புக் கோப்பை விஎஸ் கோட்டில் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை, அடையாளத்தை எக்ஸ்எம்எல் என்று மாற்றினால் போதும்.

அதற்காக டிஎஸ் கோப்பு எல்லாமே எக்ஸ்எம்எல் என்று நிலைநிறுத்திவிட்டால், நாளை டைப்ஸ்கிரிப்ட் எழுத உட்காரும்போது அது கெட்டுவிடும். இங்கேதான் இடம் பார்த்து அமைக்க வேண்டும். கண்ட்ரோல் விசையுடன் காற்புள்ளியை அழுத்தினால் அமைப்புகள் பக்கம் வரும். மேலே யூசர், வொர்க்ஸ்பேஸ் என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது உங்கள் எல்லா வேலைகளுக்கும் பொருந்தும். இரண்டாவது திறந்திருக்கும் திட்டக் கோப்புறைக்கு மட்டும். வொர்க்ஸ்பேஸ் பிரிவில் ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ் என்று தேடி, ஆட் ஐட்டம் பொத்தானை அழுத்தி, இடப்பக்கம் நட்சத்திரக் குறி, புள்ளி, பின்னொட்டு என்றும் வலப்பக்கம் மொழியின் பெயரையும் எழுதுங்கள். வலப்பக்கம் எழுத வேண்டியது மொழிப் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் தெரியும் உள்பெயர். வெளியில் தெரியும் அழகான பெயரை எழுதினால் வேலை செய்யாது, பலர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

இன்னொன்று. பெயரிட்டுச் சேமிக்காத புதிய தாளில் நிரலை ஒட்டினால், விஎஸ் கோட் உள்ளடக்கத்தைப் பார்த்து மொழியைத் தானே ஊகிக்கும். சிறிய துண்டுகளில் அந்த ஊகம் தவறுவது இயல்பு. முதலில் பெயரிட்டுச் சேமித்துவிட்டு எழுதத் தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது.

மூன்றாம் படி: நீட்சி எதை எதிர்பார்க்கிறது?

அடையாளம் சரியாக இருந்தும் நீட்சி அசையவில்லையா? இடப்பக்கப் பட்டையில் நீட்சிகளின் சின்னத்தைச் சொடுக்கி, உங்கள் நீட்சியின் பக்கத்தைத் திறங்கள். அதில் ஃபீச்சர்ஸ் என்ற தாவல் இருக்கும். எந்தெந்த மொழிகளை இந்த நீட்சி சேர்க்கிறது, எந்த நிகழ்வில் எழுகிறது என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. உங்கள் கோப்பின் அடையாளம் அங்கே இல்லையென்றால், அந்த நீட்சி இந்தக் கோப்புக்காக எழுதப்படவில்லை.

ஒரே கோப்பில் இரண்டு மொழிகள் இருந்தால்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது. புதியவர்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான்.

பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவைப் பயன்படுத்துபவர்கள், எச்டிஎம்எல் கோப்புக்குள் ஜாங்கோவின் வார்ப்புருக் குறிகளையும் (மாறும் தகவல் வர வேண்டிய இடங்களைக் காட்டும் குறிகள்) எழுதுவார்கள். அந்தக் குறிகளுக்கு நிறம் வேண்டும் என்று ஜாங்கோ நீட்சி ஒன்றை நிறுவிக் கோப்பின் அடையாளத்தையும் ஜாங்கோ எச்டிஎம்எல் என்று மாற்றுகிறார்கள். நிறம் வந்துவிடுகிறது. ஆனால் சுருக்கமாகத் தட்டியதை முழு எச்டிஎம்எல் குறிச்சொற்களாக விரித்துத்தரும் எம்மெட் என்ற வசதி, அதுவரை ஒழுங்காக வேலை செய்தது, நின்றுபோகிறது. குறிச்சொற்களை எடுத்துக்கொடுத்த வசதியும் போய்விடுகிறது. புதிய நீட்சி பழையதைக் கெடுத்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டுவார்கள்.

நடந்தது வேறு. விஎஸ் கோட்டில் ஒரு கோப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் அடையாளம்தான் இருக்க முடியும். ஜாங்கோ எச்டிஎம்எல் என்று ஒட்டியவுடன் எச்டிஎம்எல் என்ற சீட்டு கழன்று விழுந்துவிட்டது. எச்டிஎம்எல் சீட்டுக்காகக் காத்திருந்த வசதிகள் எல்லாம் பேசாமல் ஒதுங்கிவிட்டன.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒதுங்கிய வசதிக்குப் புதிய அடையாளத்தை அறிமுகப்படுத்துவது ஒன்று. அமைப்புகளில் எம்மெட் இன்க்ளூட் லாங்வேஜஸ் என்று தேடி, இடப்பக்கம் ஜாங்கோ எச்டிஎம்எல் மொழியின் உள்பெயரையும் வலப்பக்கம் எச்டிஎம்எல் என்பதையும் சேர்த்தால் எம்மெட் திரும்பிவிடும். மற்றது, வார்ப்புருக் கோப்புறையில் இருப்பவற்றுக்கு மட்டும் ஜாங்கோ அடையாளம், மீதி எச்டிஎம்எல் கோப்புகளுக்குப் பழைய அடையாளம் என்று பிரிப்பது. ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸ் பட்டியலில் பின்னொட்டுக்குப் பதிலாகக் கோப்புறைப் பாதையையும் எழுதலாம் என்பதால் இது முடிகிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், எல்லைகள் தெளிவாக இருக்கும்.

விம் எடிட்டர் இந்த இடத்தில் தாராளமானது. அங்கே இரண்டு வகைகளைப் புள்ளியிட்டு இணைத்து ஒரே கோப்புக்குக் கொடுக்கலாம், இரண்டின் வசதிகளும் ஏறும். விம்மில் தற்போதைய வகையை அறிய முக்காற்புள்ளி தட்டி, செட் ஃபைல்டைப் என்று எழுதிக் கேள்விக்குறி போடுங்கள். முன்னால் வெர்போஸ் என்ற சொல்லையும் சேர்த்தால் அந்த வகையை எந்தக் கோப்பு கடைசியாக அமைத்தது என்பதையும் காட்டும். ஆவணங்களை அச்சுக்கோக்க லாடெக் பயன்படுத்துவோர் கவனிக்க: விம்மின் பல பதிப்புகளில், புதிதாகத் திறந்த வெற்று டெக் கோப்புக்குப் பிளெய்ன்டெக் என்ற வகையே கிடைக்கும். லாடெக் செருகுநிரல் எழாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஒழுங்குபடுத்தும் நீட்சி மறுத்தால்

நிரலைச் சீராக அடுக்கித்தரும் நீட்சிகள் மறுக்கும்போது ஒரு செய்தி வரும். பிளெய்ன் டெக்ஸ்ட் கோப்புகளுக்கான ஒழுங்குபடுத்தி எதுவும் நிறுவப்படவில்லை என்பது அதன் பொருள். இதைப் படித்தவுடன் "நிறுவியிருக்கிறேனே!" என்று கோபம் வரும். செய்தியில் உள்ள மொழிப் பெயரைக் கவனியுங்கள். உங்கள் கோப்பு வெற்று உரையாக அடையாளமிடப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லிவிட்டது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

இன்னொரு வகை மறுப்பும் உண்டு. பிரிட்டியர் என்ற புகழ்பெற்ற ஒழுங்குபடுத்தியை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக அமைத்துவிடுவார்கள். அது ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ், எச்டிஎம்எல் போன்றவற்றுக்கானது, பைத்தானைத் தொடாது. பைத்தான் கோப்பில் வலது சொடுக்கு செய்து, ஃபார்மட் டாக்குமென்ட் வித் என்பதில், கன்ஃபிகர் டிஃபால்ட் ஃபார்மட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்து, பைத்தானுக்கான நீட்சியைக் காட்டுங்கள். மொழிக்கு ஒன்றாக ஒழுங்குபடுத்திகளை வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து உள்ள கோப்புகள்

வகை சரி, நீட்சி சரி, ஆனால் எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன என்றால் சிக்கல் குறியேற்றத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில், இருக்கிறது. நிலைப்பட்டையில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருக்கும் இடம்தான் அதைக் காட்டும். அதைச் சொடுக்கினால் இரண்டு வழிகள் வரும். ரீஓப்பன் வித் என்கோடிங் என்பது கோப்பை வேறு குறியேற்றத்தில் படித்துப் பார்ப்பது. சேவ் வித் என்கோடிங் என்பது மாற்றி எழுதிவிடுவது. எப்போதும் முதலாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும். குப்பையாகத் தெரியும் நிலையில் சேமித்துவிட்டால், இருந்த உரையும் போய்விடலாம். தொடங்குமுன் கோப்பின் நகல் ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் போன தமிழ் உரை திரும்ப வராமல் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் உள்ளவற்றை விஎஸ் கோட்டின் குறியேற்றப் பட்டியலில் தேடிப் பயனில்லை. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். அதைக்கொண்டு யூடிஎஃப்-8 ஆக மாற்றிய பிறகு எடிட்டரில் திறக்கலாம். பாமினி எழுத்துருவில் அடித்தவை வேறு வகை. எடிட்டரில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். எடிட்டரைப் பொறுத்தவரை அது பிழையற்ற ஆங்கில உரை, ஆகவே எந்த நீட்சியாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்துத்தான் யூனிகோடு ஆக்க வேண்டும்.

எழுத்துகளுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், யாரோ ஒருமுறை தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்திருக்கிறார்கள். அந்தத் தகவல் அப்போதே அழிந்துவிட்டது, பழைய நகலைத் தேடுவதுதான் வழி.

தமிழ்ப் பெயர்ப்பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். யூடிஎஃப்-8 என்று சேமித்தால் எடிட்டரில் அழகாகத் தெரிவது, எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறக்கும்போது சிதைந்துபோகக்கூடும். யூடிஎஃப்-8 வித் பாம் என்று சேமித்தால் எக்செல் புரிந்துகொள்ளும். பாம் என்பது கோப்பின் தொடக்கத்தில் வைக்கப்படும் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி. அதே கோப்பைப் பைத்தானில் படிக்கும்போது, அந்தக் குறி முதல் தலைப்பின் முன்னால் ஒட்டிக்கொண்டு, "பெயர்" என்ற நெடுவரிசையே இல்லை என்று பிழை வரக்கூடும். கோப்பைத் திறக்கும்போது குறியேற்றத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீர்ந்தது. நிரல் கோப்புகளை மட்டும் பாம் இல்லாமலே சேமியுங்கள்.

குறியேற்றத்துக்குப் பக்கத்திலேயே சிஆர்எல்எஃப் அல்லது எல்எஃப் என்று இருக்கும். வரி முடிவைக் குறிக்கும் இது விண்டோஸில் ஒரு விதம், லினக்ஸில் ஒரு விதம். விண்டோஸில் எழுதிய ஷெல் நிரல் லினக்ஸில் ஓட மறுத்தால், அந்த இடத்தைச் சொடுக்கி எல்எஃப் என்று மாற்றிச் சேமியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால்

மேலே ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று ஒரு பட்டை தெரிகிறதா? அறிமுகமில்லாத கோப்புறையைத் திறக்கும்போது பாதுகாப்புக்காகச் சில நீட்சிகள் நிறுத்திவைக்கப்படும். அந்தக் கோப்புறை நம்பத்தக்கது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அனுமதி கொடுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை டபிள்யூஎஸ்எல் வழியே பயன்படுத்துபவர்கள், பல நீட்சிகளை லினக்ஸ் பக்கத்திலும் தனியாக நிறுவ வேண்டும். கோப்பு மிகப் பெரியதாக இருந்தாலும் வசதிகள் நின்றுவிடும்: 20 எம்பி அல்லது 3 லட்சம் வரிகளைத் தாண்டினால் விஎஸ் கோட் நிறமிடுவதை நிறுத்துகிறது, 50 எம்பிக்கு மேல் போனால் கோப்பை நீட்சிகளிடம் கொடுப்பதே இல்லை.

இரண்டு நீட்சிகள் ஒரே வகைக் கோப்புக்காக மோதிக்கொள்கின்றன என்று சந்தேகம் வந்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்திக் கட்டளைப் பலகையை வரவழையுங்கள். ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று எழுதுங்கள். எடிட்டர் பாதி நீட்சிகளை அணைத்துவிட்டு, "இப்போது சரியா?" என்று கேட்கும். பதிலைப் பொறுத்து மீதியைப் பாதியாக்கும். 30 நீட்சிகள் இருந்தாலும் ஏறக்குறைய 5 கேள்விகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதன்பிறகும் தீரவில்லை என்றால் நீட்சியை எழுதியவரிடமே கேட்கலாம். பெரும்பாலும் அவர் தன் ஓய்வு நேரத்தில் இதைச் செய்பவர், அவருடைய நேரத்தை மதித்துக் கேளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. கோப்பின் முழுப் பெயர், நிலைப்பட்டையில் தெரியும் மொழி, குறியேற்றம், வரி முடிவு, எடிட்டரின் பதிப்பு எண், நீட்சியின் பதிப்பு எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். அவுட்புட் பலகையின் கீழ்விரி பட்டியலில் அந்த நீட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வரும் செய்திகளையும் ஒட்டுங்கள். சிக்கலைக் காட்டும் ஐந்தாறு வரிக் கோப்பு ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள். உங்கள் கடவுச்சொல்லோ பிறருடைய பெயர், தொலைபேசி எண்களோ அதில் இருந்தால் அனுப்புமுன் நீக்கிவிடுங்கள்.